இரட்சிக்கப்பட்டவர் ஓட்டிய கப்பல்

ஜான் நியூட்டனின் சாட்சியைக் கன்வென்ஷன் பந்தல்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். வாயைத் திறந்தால் தேவதூஷணம் பேசும் மாலுமி. நடுக்கடலில் புயல். கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது, அவன் ஆண்டவரை நோக்கிக் கதறுகிறான். அன்றோடு அடிமை வியாபாரத்தை உதறிவிட்டுப் போதகராகி, ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதுகிறான். கேட்கிறவர்கள் கண்கலங்குவார்கள்.

நடந்தது அப்படியில்லை. புயல் வந்தது 1748 மார்ச்சில். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களில் உயர்ந்த பொறுப்புகளுக்கு வந்தார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களுக்கு அவரே கேப்டன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். மனைவிக்கு உருக்கமான கடிதங்கள் எழுதினார். அவர் ஜெபித்துக்கொண்டிருந்த தளத்துக்குக் கீழே, ஆப்பிரிக்க மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். 1752 டிசம்பரில் அவர்கள் தப்பிக்கத் திட்டமிட்டது தெரியவந்தபோது, உண்மையை வரவழைக்கச் சிறுவர்களின் கட்டைவிரல்களை இரும்புத் திருகில் வைத்து நெருக்கினார். அதைத் தம் கையாலேயே கப்பல் குறிப்பேட்டில் எழுதினார். சதி முன்கூட்டியே வெளிப்பட்டது தேவனுடைய தயவு என்றும் அதே இடத்தில் எழுதினார்.

கடலை விட்டு அவர் இறங்கியதற்குக் காரணம் மனசாட்சி அல்ல. 1754-இல் திடீரென்று வந்த வலிப்பு. 1764-இல் ஆல்னி என்ற ஊரில் போதகரானார். அந்தப் புகழ்பெற்ற பாடல் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அப்போதும் அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. திறந்தது 1788-இல். புயலிலிருந்து கணக்கிட்டால் நாற்பது வருஷம்.

இந்த நாற்பது வருஷத்தை என்ன செய்வது? சிலர், 1748-இல் அவர் இரட்சிக்கப்படவே இல்லை என்று முடித்துவிடுவார்கள். வேறு சிலர், இரத்தத்தால் கழுவப்பட்ட பாவத்தை ஏன் தோண்டுகிறீர்கள் என்பார்கள். இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை. முதல் பதில் இரட்சிப்பை நம் நடத்தைக்குக் கிடைக்கும் கூலியாக்குகிறது. இரண்டாவது பதிலில், கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு வாழ்க்கையை மாற்றிக்காட்ட நேரமே இல்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, ஞானஸ்நானம் எடுக்கவும் முடியாது. அவனுக்குப் பரதீசு கிடைத்தது. எரிகோவின் சகேயுவுக்கு நேரம் இருந்தது, பணமும் இருந்தது. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். ஆனால் அதைச் சொன்னது, இயேசு அவனுடைய வீட்டுக்கு விருந்தாளியாக வர முடிவுசெய்த பிறகு. இந்த வரிசையைத்தான் பவுலும் எபேசியருக்கு எழுதும்போது காப்பாற்றுகிறார்: கிருபை முதலில், நற்கிரியைகள் அடுத்து. நற்கிரியை விலை அல்ல, ஆனால் அதற்காகத்தான் நாம் புதிதாகச் சிருஷ்டிக்கப்பட்டோம்.

கிருபை முதலில் என்பதால்தான் ‘கிறிஸ்து மட்டுமே’ என்கிறோம். அப்படி நாங்கள் சொல்லும்போது அது ஆணவமாகக் கேட்கிறது என்று வேறு சமய நண்பர்கள் வருத்தப்படுவதுண்டு. அவர்கள் காதில் அது ஏன் அப்படி விழுகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் விசுவாசத்துக்கு உள்ளே நின்று பார்த்தால், அந்த ‘மட்டுமே’ முதலில் கதவடைப்பது என் பெருமைக்குத்தான். என் ஒழுக்கம், என் உபவாசம், நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் என்ற குடும்பப் பேச்சு, இவை எதுவும் அங்கே செல்லாது.

எதுவும் செல்லாது என்பதால்தான் ஒரு மனிதன் உண்மையைச் சொல்ல முடிகிறது. 1788-இல் நியூட்டன் அறுபதைத் தாண்டியவர், லண்டனில் மதிக்கப்பட்ட போதகர். பேசு என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் கப்பலில் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள், பெண்களுக்கு என்ன நடந்தது என்பதையெல்லாம், தாமும் அதில் ஈடுபட்டவர் என்ற ஒப்புதலோடு அச்சில் போட்டார். அந்த வியாபாரத்தைப் பற்றிய அரசு விசாரணையில் சாட்சியும் சொன்னார். தேவனுக்கு முன் தன் நிலை தன் நற்பெயரில் தொங்குகிறது என்று நம்புகிறவரால் இதைச் செய்ய முடியாது. அவர் ஒளித்துத்தான் ஆகவேண்டும். மாறிய வாழ்க்கை என்பது இப்படி வெளிச்சத்துக்கு வரத் துணிவதும்தான் என்று நான் நம்புகிறேன். 1807-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த வியாபாரத்தைத் தடைசெய்தது. அந்த வருஷக் கடைசியில் அவர் காலமானார்.

இதனால் தாமதம் சரியாகிவிடாது. நம்முடைய பரிசுத்தமாகுதல் மெதுவாக நடக்கும்போது அதற்கு விலை கொடுப்பது நாம் அல்ல, பெரும்பாலும் நமக்குக் கீழே இருப்பவர்கள். அந்தச் சிறுவர்களின் விரல்களுக்கு நாற்பது வருஷம் பொறுக்க நேரமில்லை.

இந்தக் கதை தமிழ்ச் சபையின் வாசல்வரை வந்திருக்கிறது. பாவ உணர்வால் தவித்த ஒரு லண்டன் இளைஞன் முதியவரான நியூட்டனைத் தேடிப்போய் ஆலோசனை கேட்டான். பெயர் டேனியல் வில்சன். அவரே 1832-இல் கல்கத்தா பிஷப் ஆனார். மறுவருஷம், சாதி வேறுபாடு சபைக்குள் இருக்கவே கூடாது என்று தென்னிந்திய மிஷன்களுக்குக் கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதி வழக்கங்களுக்காக வாதாடியவர்களில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் கண்ணீரோடு பாடுகிறோம். பாடத்தான் வேண்டும். நியூட்டனின் பாட்டையும் பாடுகிறோமே.

இன்று கிறிஸ்தவ வரன் தேடும் விளம்பரங்களில் ‘இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற’ என்ற தகுதிகளை அடுத்து ஒரு சாதிப் பெயர் நிற்கிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடப் பிரிந்து கிடக்கிறது. அந்த விளம்பரத்தைக் கொடுத்தவர் இரட்சிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் உண்மையாகவே கிருபையால் பிடிக்கப்பட்டவராக இருக்கலாம். விளம்பரம் கொடுக்கும் முன் அந்த வீட்டில் குடும்ப ஜெபம் நடந்திருக்கும். நல்ல வேலை, நல்ல குணம், ஊழிய பாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார்கள். அந்தச் சாதிப் பெயரையும் அந்த ஜெபத்திலேயே, முழங்காலில் இருந்தபடி, இயேசுவின் நாமத்தில் வாய்விட்டுக் கேட்டுப்பார்க்கட்டும்.