கோடு கிழித்தார்கள், ஒழுங்கு செய்யவில்லை

ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் தமிழக மீனவர்களின் வழக்கு எடுக்கப்படும்போது மொழிபெயர்ப்பாளருக்கு வேலை இருப்பதில்லை. கேட்பவரும் தமிழில் கேட்கிறார், கூண்டில் நிற்பவரும் தமிழில் பதில் சொல்கிறார். எல்லை தாண்டியது, தடைசெய்யப்பட்ட இழுவைமடியால் மீன் பிடித்தது என்பவையே வழக்கமான குற்றச்சாட்டுகள். முதல் தடவை அகப்பட்டவர் பெரும்பாலும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையுடன் ஊர் திரும்புவார். மறுபடி அகப்பட்டால் சிறைதான். படகு அரசுடைமையாகும். சில நாட்களில் இன்னொரு படகு, இன்னொரு கூட்டம், அதே விளக்கமறியல்.

இந்தச் சுழற்சியின் வேர் பழையது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பறித்த கிழக்கிந்தியக் கம்பெனி, இலங்கையின் கரையோரத்தைச் சில ஆண்டுகள் சென்னையிலிருந்தே ஆண்டது. 1802இல் இலங்கை தனி முடியாட்சிக் குடியேற்ற நாடானது. நிர்வாகம் பிரிந்தாலும் இரு கரைகளும் ஒரே பிரித்தானியப் பேரரசின் கீழ்தான் இருந்தன. ஒரு கரையில் குற்றம் செய்து மறுகரைக்கு ஓடியவரைப் பிடித்து ஒப்படைக்க 1881ஆம் ஆண்டுச் சட்டமொன்று பேரரசு முழுவதற்கும் பொதுவாக இருந்தது. அது ஆள்பவரின் வசதிக்கான ஒழுங்கு. அந்த ஆட்சிக்காக ஏங்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அந்தக் கூரையைப் பிரித்து இரண்டு நாடுகள் வெளியேறியபோது, நடுவில் கிடந்த கடலில் இனி நீதியையும் காவலையும் யார், எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு விடை காணாமலே விட்டுவிட்டார்கள்.

கோடு மட்டும் கிழிக்கப்பட்டது. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த உடன்படிக்கை கச்சதீவை இலங்கைப் பக்கம் வைத்தது. மீனவரும் யாத்திரிகரும் வழக்கம்போல் அத்தீவுக்கு வந்துபோகலாம், கடவுச்சீட்டோ விசாவோ வேண்டாம் என்றும் அது சொன்னது. 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்களோ, ஒரு நாட்டுப் படகு மறுநாட்டுக் கடலில் அனுமதியின்றித் தொழில் செய்யக்கூடாது என்றன. மீறினால் யார் விசாரிப்பது, கடலில் உயிர் போனால் யார் பொறுப்பு என்பவற்றுக்குக் கூட்டு ஏற்பாடு எதுவும் பிறக்கவில்லை. குற்றவியல் விடயங்களில் பரஸ்பரம் உதவவும் தண்டனை பெற்ற கைதிகளை மாற்றிக்கொள்ளவும் இரு நாடுகளும் கையொப்பமிட்டது 2010 ஜூனில்.

பிரிந்துபோகும்போது ஒழுங்கு செய்வது எப்படி என்பதற்கு ஓர் ஒப்பீடு: பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனது. ஐரோப்பியப் பிடியாணையும், தேடப்படுவோர் பற்றிய ஷெங்கன் தகவல் தொகுதியும், யூரோபோல் அங்கத்துவமும் அதன் கையைவிட்டுப் போயின. தன் குடிமக்களை இனி ஒப்படைக்க முடியாது என்றது ஜேர்மனி. இழப்பு பெரிதுதான். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே குற்றவாளிகளை ஒப்படைக்கவும் தகவல் பரிமாறவும் மாற்று ஏற்பாடு எழுத்தில் வந்துவிட்டது. அவர்கள் பதினொரு மாதத்தில் செய்த வேலைக்கு இலங்கையின் சுதந்திரத்திலிருந்து நமக்கு அறுபத்திரண்டு ஆண்டுகள் எடுத்தன.

எடுத்தும் என்ன பயன்? 2011 நவம்பரில் நெடுந்தீவுக் கடலில் தமிழக மீனவர் ஐவர் கைதாகினர். ஹெரோயின் கடத்தியதாக வழக்கு. 2014 ஒக்டோபர் 30இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவர்களுக்கும் இலங்கையர் மூவருக்கும் மரணதண்டனை விதித்தது. இராமேஸ்வரம் கொதித்தது. மூன்று வாரங்களுக்குள் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ ஐவருக்கும் மன்னிப்பு அளித்தார், அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் உயிர் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. மரணதண்டனை எவருக்கும் வேண்டாம். ஆனால் அதே வழக்கில் அதே தீர்ப்பைக் கேட்டு நின்ற இலங்கையர் மூவருக்கு அந்த மன்னிப்பு இல்லை. அவர்களுக்காகப் பேரம் பேச ஒரு டில்லி இருக்கவில்லை. ஒழுங்கு இல்லாத இடத்தில் நீதி, யாருக்குப் பின்னால் எந்த அரசு நிற்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

2021 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அப்பால் கடற்படைக் கலத்தோடு மோதிய இழுவைப் படகு மூழ்கி நால்வர் இறந்தனர். தப்பியோடும்போது படகுதான் வந்து மோதியது என்றது கடற்படை. கடற்படைதான் மோதியது என்றனர் தமிழக மீனவர். இறந்தவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கை அகதி. எந்த நாடு அவருக்காகக் கேட்கும்? 2024 ஜூனில் இந்தியப் படகொன்றைப் பிடிக்கப்போன கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். ஓகஸ்ட் முதலாம் திகதி தமிழக மீனவர் ஒருவர் மாண்டார். 2025 ஜனவரியில் நெடுந்தீவுக்கருகே காரைக்கால் படகின்மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் படுகாயமடைந்தனர். ஒவ்வொரு தடவையும் தூதுவரை அழைத்துக் கண்டனம் சொல்வதும் மறுப்பதுமே நடக்கின்றன. இரு தரப்புச் சாட்சிகளையும் ஒன்றாக இருத்தி விசாரிக்க ஓர் அமைப்பு இல்லை.

இந்தக் கணக்கில் தீவக மீனவனின் இழப்பு செய்தியாவதே குறைவு. இராமேஸ்வரத்திலிருந்து இழுவைப் படகுகள் புறப்படுவது திங்கள், புதன், சனி. அந்த இரவுகளில் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் சிறு படகுக்காரன் வலை விட அஞ்சுவான். விட்டால் விடியலில் மிதவை ஒரு பக்கம், அறுந்த வலை ஒரு பக்கம். வலை கடனில் வாங்கியது. போர்க்காலத்தில் கடல் பூட்டப்பட்டுக் கிடந்தது, போர் முடிந்து திறந்தால் பாதி நாட்கள் பிறருக்கு. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அந்தத் தடை சரியானது, அதைத் தமிழகத் தலைவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதேபோல், கூலிக்குப் படகேறியவனைச் சிறையில் வைத்து முதலாளியைத் தொடமுடியாத வழக்குகளால் கடல் காக்கப்படாது என்பதைக் கொழும்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடியாத காரியம் இல்லை இது. ஆண்டுதோறும் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குக் குறிகட்டுவானிலிருந்தும் இராமேஸ்வரத்திலிருந்தும் படகுகள் போகின்றன. யாழ்ப்பாண மாவட்டச் செயலகமும் ஆயர் இல்லமும் கடற்படையும் இந்தியத் துணைத் தூதரகமும் முன்கூட்டியே கூடி ஒழுங்கு செய்கின்றன. இரண்டு நாட்களுக்கு முடிவது மற்ற நாட்களுக்கும் முடியும்.

2016இல் அமைத்த மீன்பிடிக் கூட்டுச் செயற்குழு இன்னும் இருக்கிறது. இரு அரசுகளும் அதில் நெடுந்தீவு மீனவருக்கும் இராமேஸ்வரம் மீனவருக்கும் நிரந்தர இடம் கொடுங்கள். கடலில் நேரும் ஒவ்வொரு மரணத்தையும் விசாரிக்கும் அதிகாரமுள்ள கூட்டுக் குழுவொன்றை அதன் கீழ் அமையுங்கள். அடுத்த உடல் கரைக்கு வருமுன் அதைச் செய்யுங்கள்.