இருத்தலியலும் பசு இலக்கணமும்



பிரான்சு நாட்டுத் தத்துவ ஆசிரியராகிய சார்த்தர், 1945-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பாரிசு நகரின்கண் நிகழ்த்திய சொற்பொழிவொன்று மறு ஆண்டில் நூலாக வெளிவந்தது. இருத்தலியல் என்னும் அக்கொள்கையில் முதற்பாடம் கேட்பவனாகிய யான், நாத்திக நூலென்று கேள்வியுற்று, மறுத்தற்கென்றே எழுதுகோலுங் கையுமாக அதனைப் பயிலப் புகுந்தேன். (அங்ஙனம் புகுவது பயிற்சியாகாதென்பது பின்னரே விளங்கிற்று.)

அவர் கூறுவது இது: காகிதம் அறுக்குங் கத்தியைச் செய்வோன், அதன் இயல்பையும் பயனையும் முன்னர்க் கருதியே செய்கின்றான், ஆண்டு இயல்பு முந்தியது, இருப்பு பிந்தியது. மனிதனையோ அவ்வாறு கருதிச் செய்த கடவுள் இலர். ஆதலின் அவன் முன்னர் உளனாகிப் பின்னர்த் தன் தெரிவானே இன்னவனாகின்றான்.

இவ்வாதம், உயிரை இறைவன் இன்மையினின்றும் படைத்தான் என்பாரையே தாக்கும். நமக்கோ பதியினைப் போலப் பசுவும் அநாதி. இறைவன் தனு கரண புவன போகங்களை மாயையினின்றும் தோற்றுவித்து உதவுவானன்றி, உயிரைச் செய்தானல்லன். இத்துணையும் எழுதி, வென்றேமென்று கோலை வைத்தேன்.

அச்சொற்பொழிவிலேயே ஒரு மாணாக்கன் செய்தி வருகின்றது. 1940-இல் செருமானியர் படையெடுப்பில் தமையனை இழந்தவன். தாய்க்கு அவனன்றி வேறு பற்றுக்கோடில்லை. இங்கிலாந்து சென்று விடுதலைப் படையிற் சேர்வதோ, தாயோடிருப்பதோ என்று ஆசிரியரிடம் வந்து வினவினான். நீ உரிமையுடையை, நீயே தெரிக என்பது அவர் விடை. அவன் நம்மிடம் வந்திருப்பின் யாது கூறுவேம்? எல்லாம் விதியென்று அனுப்பிவிடலாமோ? ஆகாது. நுகர்வைத் தருவது பிராரத்தம். நுகருங்கால் ஏறுவது ஆகாமியம். ஆகாமியம் ஏறுமெனக் கொண்டார்க்கு, தெரிவு உயிரினதே என்பதும் உடன்பாடாதல் வேண்டும். விதியென்னுஞ் சொல்லால் அப்பொறுப்பை மறைப்பது சித்தாந்தமன்று; நம் சோம்பல்.

சார்த்தர்க்கும் நமக்கும் வேற்றுமை பிறிதோரிடத்துளது. அவர் கருத்தில் தெரிவோன் தனியன். நம் கொள்கையிலோ உயிர் அறிவிக்க அறிவது; அஃது இச்சிக்குந்தோறும் திரோதான சத்தி உடனின்று உதவும். சார்ந்ததன் வண்ணமாகும் அவ்வுயிர்க்குத் தனிமையென்பதொன்று ஒருகாலும் இல்லை.

இஃது உண்மை. ஆயினும் தாயின் முகத்தையும் இறந்த தமையனையும் ஒருங்கே நினைந்து நிற்கும் அவ்விளைஞனுக்கு இதனை யாங்ஙனம் உணர்த்துவது? சூத்திரமும் உரையும் எனக்கு மனப்பாடம். அவன்முன் இருந்து சொல்லத்தக்க ஒரு சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றேன்.