தெரியாமல் செய்தது

"தெரியாமல் செய்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் நாம் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறோம். அதற்கு மேல் வாதாடுவது அநாகரிகம் என்பது நம் எண்ணம். எனக்கும் வெகுகாலம் அதுவே அபிப்பிராயம். இங்கிலாந்தில் ஒரு படகுக்குள் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்த பிறகு அந்த அபிப்பிராயம் கொஞ்சம் ஆட்டங்கண்டிருக்கிறது.

படகு என்றதும் பாய்மரத்தையும் அலைகடலையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அந்தத் தேசத்து உள்நாட்டுக் கால்வாய்களில் போகும் படகு, ரயில் பெட்டி ஒன்றை இரு பக்கமும் பிடித்து நெருக்கினாற்போல் இருக்கும். அகலம் 7 அடிக்கும் சற்றுக் குறைவு. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற இஞ்சினீயர் 1766-ல் டிரெண்ட் - மெர்ஸி கால்வாய் வேலையைத் தொடங்கினார். படகை மேட்டுக்கு ஏற்றிப் பள்ளத்துக்கு இறக்கும் மதகுகளை அவர் அந்த அளவுக்குத்தான் கட்டினார். படகுகளும் அதை மீற முடியாமல் போயிற்று. மண்பாண்டமும் நிலக்கரியும் ஏற்றிச் சென்ற நாளில் பின்பக்கத்துச் சிற்றறை ஒன்றில் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் வசிக்கலாம் என்று கட்டுப்படுத்த 1877-ல் பார்லிமெண்டு ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்ததோடு அந்தச் சரக்குப் போக்குவரத்து ஏறக்குறைய முடிந்தது. இப்போது பொழுதுபோக்குக்காகப் படகு வைத்திருப்பவர்கள் உண்டு. அதிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களும் உண்டு.

என் நண்பர் இரண்டாவது ரகம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என் நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதி, கடிதத்திலேயே சிநேகிதரானவர். மனைவி காலமான பிறகு வீட்டை விற்றுவிட்டு ஸ்டோன் என்ற சிற்றூரின் அருகே படகில் குடியேறியிருந்தார். அக்டோபர் கடைசி. பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை என்று அவருடைய ஏழு வயதுப் பேத்தியும் வந்திருந்தாள்.

படகின் நடுக்கூடத்தில் ஒரு கணப்பு அடுப்பு. நிலக்கரியும் விறகும் போட்டு எரிப்பது. டென்மார்க் தேசத்து வார்ப்பிரும்பு. பக்கத் தகட்டில் ஓர் அணில் உருவம். இராமருக்குத் தொண்டு செய்த அணில் இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டேன். நண்பர் சந்தோஷப்படவில்லை. சில நாளாக அறையில் லேசான புகை வாசனை இருப்பதாகச் சொன்னார். குளிர் முற்றுவதற்குள் அடுப்பைப் பழுதுபார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய தீர்மானம்.

அடுப்பு ஆறியதும் ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்துவிட்டார். பேத்தி ஒரு டார்ச் விளக்கை அடுப்பின் வயிற்றுக்குள் வைத்துக் கதவை மூடினாள். இருட்டில் பார்த்தோம். முதுகுத் தகடும் பக்கத் தகடும் சேருகிற மூலையில் தங்கச் சரிகை மாதிரி ஒரு வெளிச்சக் கோடு! குழந்தை கைகொட்டினாள். நண்பர் சாக்குக் கட்டியால் அதன் நீளத்தைக் குறித்துக்கொண்டார்.

இந்த அடுப்புகள் ஒரே வார்ப்பு அல்ல. தகடு தகடாக வார்த்து, போல்டால் முடுக்கி, சந்துகளில் வெப்பம் தாங்கும் சிமெண்டை வைத்து அடைக்கிறார்கள். நிலத்தில் இருக்கும் அடுப்புக்கே அந்தச் சிமெண்டு நாளடைவில் உதிரும். படகிலோ இஞ்சின் அதிர்வும், மதகுச் சுவரில் இடிக்கும் இடியும் சேர்ந்துகொள்கின்றன. புகைபோக்கிக் குழாய் அடுப்பின் தலையில் உட்காரும் கழுத்தும் அப்படியே விட்டுப்போகிறது.

"மேலே கொஞ்சம் சிமெண்டைப் பூசி, கறுப்பு மெருகு போட்டுவிட்டால் தெரியாதே?" என்றேன்.

"நமக்குத் தெரியாது. புகைக்குத் தெரியும்" என்றார் அவர்.

போல்டுகளைத் தளர்த்தி, பழைய சிமெண்டைப் பொடிப்பொடியாகக் கிளறி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரும்பை ஈரத்துணியால் துடைத்த பிறகே புதிய சிமெண்டை அழுத்தினார். ஈரம் இருந்தால்தான் அது பிடிக்குமாம். கதவின் ஓரத்துப் பள்ளத்தில் ஒரு கயிறு பதித்திருந்தது. நெருப்புக்கு அஞ்சாத கயிறு. பழைய நாளில் அதைக் கல்நாரில் செய்தார்கள். அந்தத் தூளே உயிருக்கு ஆபத்து. 1999-ல் அந்நாட்டில் கல்நாரை அடியோடு தடுத்துவிட்டார்கள். முந்தைய சொந்தக்காரர் விட்டுச் சென்ற ரசீதைத் தேடி எடுத்து, இது கண்ணாடி நார்தான் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளும் வரை மனுஷர் அதில் கை வைக்கவில்லை. ரசீதைத் தேட ஒன்றரை மணி நேரம். கயிற்றை மாற்ற அரை மணி நேரம்.

ஒட்டியது காய்ந்ததும் ஒரு பரீட்சை. கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு சரியில்லை, பிடித்துக்கொண்டால் சரி. காகிதத்துக்கு நான் என் நாவலின் கைப்பிரதியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். கதவு அதை விடவே மாட்டேன் என்றது. என் எழுத்தை அத்தனை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டவர்கள் இதுவரை யாருமில்லை.

ஒரு நாள் முழுவதும் சிமெண்டைக் காயவிட்டு, மறுநாள் நாலைந்து குச்சிகளால் சிறு தீ மூட்டினார். மூன்றாம் நாள் மாலைதான் நிலக்கரி போட்டார்.

அன்று இரவு அவர்கள் இருவரும் உறங்கிவிட்டார்கள். எனக்குப் படுக்கை நடுக்கூடத்து நீளப் பெஞ்சு. காலுக்கு அடுப்பின் சூடு இதமாக இருந்தது. காதிலோ ஊசி குத்தினாற்போல் குளிர்காற்று. எழுந்து தடவிப் பார்த்தேன். சுவரின் அடிப்பக்கத்தில் பித்தளைச் சல்லடை போட்ட ஒரு துவாரம். இரண்டு நாளாக ஓட்டை ஓட்டையாகத் தேடி அடைத்த மனிதர் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரே என்று இரக்கப்பட்டேன். கழுத்திலிருந்த மப்ளரை உருட்டி அதில் வைத்து அடைத்தேன். பிறகு சுகமாகத் தூங்கினேன்.

காலையில் கண் விழித்தபோது நண்பர் அதை உருவி, மடித்து, என் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அடுப்பை மூடுவதும் படகைத் திறந்து வைப்பதும் சேர்ந்ததுதான் காப்பு என்று பிறகு சொன்னார். நெருப்பு அறையிலுள்ள காற்றைத் தின்கிறது. காற்று குறைந்தால் கரி சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. புகைபோக்கியும் மேலே இழுக்காமல் திரும்பிவிடும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். நமக்கு இது புதிதல்ல. மலைவாசஸ்தலங்களில் குளிருக்காக அடுப்புக்கரியை அறைக்குள் மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியைப் பத்திரிகையில் படித்திருக்கிறோம். நானும் படித்திருக்கிறேன். படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருக்கிறேன்.

சுவரில் ஒரு சிறு கருவி இருந்தது. அந்த வாயுவைக் கண்டால் அலறும். 2019 ஏப்ரல் முதல், ஆட்கள் தங்கும் படகுகளில் அது இருக்க வேண்டும் என்று விதி. ஆறுதலுக்காக அதைச் சுட்டிக் காட்டினேன்.

"ஆமாம், அலறியிருக்கும். நாமும் எழுந்திருப்போம்" என்றவர் சற்றுப் பொறுத்து, "எழுந்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன்" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. கனல் தணிந்து போயிருந்தது. கதவிடுக்குகளில் காற்றும் நுழைந்திருக்கலாம். ஆகவே நான் குற்றவாளியா, இல்லையா? 1976-ல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ அறிஞர்கள் இதே புதிரை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். ஒரே அஜாக்கிரதை, ஒருவனுக்கு அதிருஷ்டம், இன்னொருவனுக்கு இல்லை. முதல்வனை மறந்துவிடுகிறோம், இரண்டாமவனைத் தூற்றுகிறோம். மனிதனுக்குள் இருந்த வித்தியாசம் என்ன? முன் அறையில் அந்தக் குழந்தை விழிக்காமலே போயிருந்தால் உலகம் என்னை என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே கை, அதே மப்ளர்.

ஆனால், "நடக்கவில்லையே" என்ற சமாதானத்தைவிட "தெரியாதே" என்ற சமாதானம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. இரண்டு நாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆயிரம் கேள்வி கேட்டவன் நான். கயிறு எதனால் ஆனது, சிமெண்டு எத்தனை நாளில் காயும், எல்லாம் கேட்டேன். கதைக்கு உதவும் என்று குறிப்புக்கூட எடுத்தேன். அந்தத் துவாரம் எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. சரி, மறந்துபோயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் தூங்கும் வரை காத்திருந்தது ஏன்? மப்ளரைச் சத்தமில்லாமல், விளக்குப் போடாமல், திருடனைப்போல வைத்தது ஏன்? கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவார் என்ற சந்தேகம் உள்ளே எங்கோ இருந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் பாதி தெரிந்தாற்போல்தானே? கேட்டால் குளிரைச் சகிக்க வேண்டியிருக்கும். கேட்காவிட்டால் "தெரியாது" என்பது கைவசம் இருக்கும். என் அறியாமையை அப்படித்தான் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நெருப்புக்கு முன்னால் ஒரு விருந்தாளியைப் படுக்க வைத்துவிட்டு, விவரம் சொல்லாமல் போனது தம்முடைய பிழை என்றார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லிப் பழகியவன் இதை ஒரு முறைகூடச் சொல்லவில்லையே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆளுக்கு ஆள் குற்றத்தை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உபசார வார்த்தை பேசினோம். உள்ளுக்குள் இருவருக்கும் அது உபசாரமாக இல்லை.

அதற்குள் பேத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா, மப்ளரை வைத்து அதை அடைத்தது யார்?" என்றாள். படகில் வளரும் குழந்தைக்கு அது என்ன துவாரம் என்று தெரிந்திருந்தது.

"ஒன்றுமில்லை" என்று ஆரம்பித்தார் நண்பர்.

"நான்தான் அம்மா" என்றேன்.

"ஏன்?"

"குளிராக இருந்தது."

அவள் என்னையும் துவாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கம்பளி உறை போட்ட தன் ரப்பர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று இரவு பையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். காதில் காற்று குத்திக்கொண்டேதான் இருந்தது. இரண்டு தடவை எழுந்து, இருட்டில் சல்லடைக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தேன். காற்று வந்துகொண்டிருந்தது.