அப்பாவின் நாற்காலி

புளியஞ்சோலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொல்லிமலை. அங்கே மரவள்ளி பெருகிச் சாமையும் தினையும் சுருங்கிய காலத்திலும் விதையைக் கைவிடாதவர்கள் மலையாளிப் பழங்குடிப் பெண்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவர்களோடு பல ஆண்டுகள் உழைத்தது. விதை வங்கி, மாவு எந்திரம், சுயஉதவிக் குழு எல்லாம் வந்தன.

1988இல் சுவாமிநாதன் தொடங்கிய அந்த அறக்கட்டளைக்குப் பின்னாளில் மகள் மதுரா தலைவராக இருந்தார். 2023இல் இன்னொரு மகள் சௌம்யா வந்தார். ஒருவர் பொருளாதார அறிஞர், மற்றவர் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி. தகுதியில் குறை சொல்ல யாராலும் முடியாது. மகன்களையே வாரிசு என்று சொல்லிப் பழகிய நாட்டில் எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகுதான் உறுத்தியது: மகளுக்குப் போனாலும் அது அப்பாவின் நாற்காலிதானே?

அம்மா மீனா சுவாமிநாதனும் சாதாரணமானவர் இல்லை. 1972இல் அவர் தலைமையிலான குழு தந்த அறிக்கைதான் 1975இல் வந்த அங்கன்வாடித் திட்டத்துக்கு அடித்தளம். ஆனாலும் பெயர்ப்பலகையில் இருப்பது அப்பா பெயர்.

குடும்பம் நடத்தினால் வேலை பாதியில் நிற்காது என்பார்கள். நியாயம்தான், ஒரு தலைமுறைக்கு. ஆனால் உதவி பெறும் பிள்ளைகளை நம் அறக்கட்டளைகள் 'பயனாளி' என்றே எழுதி வைக்கின்றன. அங்கன்வாடியில் சத்துமாவு தின்று வளர்ந்து, மலையிறங்கிப் போய்ப் பட்டம் வாங்கிய பெண் 'அறங்காவலர்' பட்டியலில் ஏற, அவள் யாருடைய மகளாக இருக்க வேண்டும்?