நோயற்ற பட்டி

ஒரு மாட்டுப் பட்டியை நோயற்றதென்று சான்றளிக்கும்போது உண்மையில் எதற்குச் சான்றளிக்கப்படுகிறது? மிருக வைத்தியர் மாட்டின் கழுத்து மயிரைக் கத்தரிக்கிறார். தோலின் தடிப்பை அளக்கிறார். ரியூபர்குலின் என்னும் திரவத்தில் 0.1 மில்லிலீற்றரைத் தோலுக்குள் செலுத்துகிறார். 72 மணித்தியாலங்களின் பின் மீண்டும் அளக்கிறார். தடிப்பு 4 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ கூடியிருந்தால், அம்மாடு காசநோய்ச் சோதனையில் அகப்பட்டதாகக் கொள்வர். (1890இல் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதைக் காசநோய்க்கு மருந்தென்றே உலகுக்கு அறிவித்தார். மருந்தாகத் தோற்றது சோதனையாக வென்றது.)

அகப்பட்ட மாடு பெரும்பாலும் நன்றாகவே மேயும், பாலும் கறக்கும். நோயில்லாத சில மாடுகளும் இச்சோதனையில் அகப்படும். நோயுள்ள சில தப்பிவிடும். சான்றிதழ் ஓர் அனுமானமே. ஆனால், அதன்பேரில் பட்டியிலிருந்து நீக்கப்படும் பசு ஒரு குடும்பத்தின் முழு வருமானமாயிருக்கலாம். இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது: பொதுநன்மைக்காகத் தனி ஒருவரின் உடைமையை எடுக்கலாமா? எடுத்தால், அதன் விலையைக் கொடுக்க வேண்டியவர் யார்?

எமது அரியாலையில் பட்டியென்பது பல வீடுகளில் ஒன்றிரண்டு பசுக்களே. பாலை வாங்கும் நகரத்தார் அதைக் காய்ச்சிக் குடிக்கின்றனர். காய்ச்சிய பாலில் காசநோய்க் கிருமியும் பிழைக்காது, கன்றுவீச்சு நோயைத் தரும் புறுசெல்லாக் கிருமியும் பிழைக்காது. ஆபத்து மாட்டுக் கொட்டிலில் இருக்கிறது. வெறுங்கையோடு கன்றை இழுத்து எடுப்பவளுக்கும், இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடப் போகிறவனுக்கும் அந்தக் காய்ச்சல் வருகிறது. விட்டுவிட்டு வரும் அக்காய்ச்சலை வேறேதோவென்று எண்ணி அவர்கள் மாதக்கணக்கில் வருந்தக்கூடும். ஆகவே, சோதனையே வேண்டாமென்று ஏழையின் பெயரால் வாதிடுவோர் ஏழைக்கு நன்மை செய்தவராகார்.

ஆயினும், சோதனையின் பாரத்தை அவன் தலையிலேயே சுமத்துவதும் நீதியன்று. 1931இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சீடர் என்னும் மாவட்டத்துக் கமக்காரர் மாடுகளைச் சோதிக்க வந்தோரைத் தடுத்தனர். விளைபொருளின் விலை வீழ்ந்து அவர்கள் நொடித்திருந்த காலம் அது. நீக்கப்படும் மாட்டுக்குக் கிடைத்த நட்டஈடோ முழு விலைக்கு ஈடாகவில்லை. அரசாங்கம் ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினரை அனுப்பியே சோதனையை நடத்தியது. அவர்களை மூடரென்று சொல்லிவிடுவது எளிது. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். பிரித்தானியாவில் 1935இல் தொடங்கிய திட்டம் விரும்பிச் சேர்ந்தோரை ஊக்கப்பணம் கொடுத்து வளர்த்தது. 1950க்குப் பின்னரே பகுதி பகுதியாகக் கட்டாயமாயிற்று. 1960இல் நாடு முழுவதும் அச்சான்றைப் பெற்றது. பிற்காலத்தில் நோய் அங்கே மீண்டும் தலைதூக்கியது வேறு கதை.

பசுவைக் கொல்வது பாவமன்றோ என்று எமது ஊரார் கேட்பர். மதிக்கத்தக்க கேள்விதான். ஆனால், கன்று வீசிய பசுவை, வீசியதென்ற செய்தியை மறைத்து, அயலூரானுக்கு விற்றுவிடுகிற வழக்கத்தைப் பற்றி அதே மக்கள் வாய் திறப்பதில்லை. கொல்ல மனமில்லையெனில், பிரித்துக் கட்டி இறக்கும்வரை தீனி போடட்டும். அதன் செலவை ஊர் ஏற்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. 1946 முதல் இலங்கை வெக்கை நோயற்ற நாடாயிருந்தது. 1987இல் இந்தியப் படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அந்நோய் மீண்டும் இறங்கியது. 1994 வரை நின்றது. 2011இல்தான் உலகம் முழுவதும் அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. ஒற்றைப் பசுக்காரியிடம் சோதனைச் சீட்டுக் கேட்கும் உலகில், படையோடு வந்த ஆடுகளிடம் அதைக் கேட்கும் வலு அவளுக்கு இருந்ததா?

புறுசெல்லாவுக்குப் பால்வளையச் சோதனை என்றொன்றுண்டு. பல வீட்டுப் பாலும் கலந்த பாத்திரத்திலிருந்து சிறிது எடுத்துச் சாயமிட்ட கிருமித்துகளைக் கலந்தால், நோயிருப்பின் மேலே படியும் ஆடையில் நீல வளையம் தோன்றும். யாருடைய பசு என்பதை அவ்வளையம் சொல்லாது. அதைத் தேடிக் கொட்டில் கொட்டிலாய்ப் போகுமுன், ஒவ்வொரு லீற்றருக்கும் வாங்குவோரிடமிருந்து ஒரு சிறு தொகையைக் கூட்டுறவுச் சங்கம் ஒதுக்கிவைத்திருக்க வேண்டும். காய்ச்சிக் குடிக்கும் நகரத்தார் அதைக் கொடுக்கச் சம்மதிப்பரா என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் வெளிப்படையாகவே கேட்கலாம்.