அந்த மூடியில் கை வைக்காதீர்கள்

வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டதா? வண்டியை நிறுத்துங்கள். அடுத்த டீக்கடை வரை ஓட்டிவிடலாம், மேடு ஏறியதும் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு வேண்டாம். ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுங்கள். அதன் பிறகு ரேடியேட்டர் மூடியின் பக்கமே போகாதீர்கள். கிளீனர் பையனையும் அனுப்பாதீர்கள்.

பங்காருப்பாளையத்தில் மாம்பழம் ஏற்றிக்கொண்டு மொகிலி காட் மலைச்சாலையில் ஏறும் பழைய பொலேரோ பிக்கப்புகளையும் டாடா 207 வண்டிகளையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மேலே பலமனேர் ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சீசனோ மே, ஜூன் வெயிலில். ஒன்றேகால் டன்னுக்குச் செய்த வண்டியில் இரண்டரை டன் ஏற்றி, இரண்டாவது கியரில் உறுமவிட்டால் எந்த ரேடியேட்டர் தாங்கும்? அளவுக்கு மேல் ஏற்றினால் இருபதாயிரம் ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரமும் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்தாவது ஏற்றாதீர்கள்.

மூடி ஏன் ஆபத்து என்று தெரிந்துகொள்ளுங்கள். பல மூடிகளில் 0.9 என்று எண் பொறித்திருக்கும். உள்ளே அந்த அளவுக்குக் கூடுதல் அழுத்தம் நிற்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 118 டிகிரி வரைகூடத் தண்ணீராகவே இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். அவ்வளவு நேரம் அடங்கிக் கிடந்த தண்ணீரில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகி, கொதிநீரையும் வாரிக்கொண்டு மேலே பீறிடும். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். குனிந்து நிற்பவனின் முகம், கழுத்து, மார்பு எல்லாம் அதற்கு நேர் எதிரே இருக்கும். பெரும்பாலும் அப்படிக் குனிபவன் அந்த வண்டியிலேயே வயதில் சிறியவன். "போய்த் தண்ணி ஊத்துடா" என்று சொல்பவர்கள் இதை நினைத்துப் பாருங்கள்.

பொறுங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம். மேல் ஹோஸ் பைப்பைத் தொட்டால் கை சுடக்கூடாது. அமுக்கினால் இளக்கமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் தடித்த கோணியை மடித்துப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை முதல் தட்டு வரை மட்டும் திருப்புங்கள். சீறல் முழுக்க அடங்கட்டும், அப்புறம் கழற்றலாம். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வளையும், விரிசலும் விடும். அந்தச் செலவில் ஒரு சீசன் வருமானமே போய்விடும்.

முள்ளை மட்டும் நம்பாதீர்கள். ஆவி கிளம்பும்போது முள் திடீரெனக் கீழே இறங்கினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. சென்சாரைத் தொடும் அளவுக்குக்கூட உள்ளே தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

கோளாறு எங்கே என்பதையும் வண்டியே காட்டிக்கொடுக்கும். நின்ற இடத்திலும் நெரிசலிலும் சூடேறி, ஓடும்போது தணிந்தால் ஃபேன், ஃபேன் பெல்ட் பக்கம் பாருங்கள். லோடோடு மேடு ஏறும்போது மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே வைக்கோலும் பூச்சியும் புழுதியும், உள்ளே உப்பு. நம் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் அந்த மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாக ஊற்றுங்கள். மெக்கானிக் அண்ணன்மார்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வண்டி சூடாகிறது என்று வந்தவுடன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி டீசலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். மூலக் கோளாறோ உள்ளேயே இருக்கும்.

  

இத்தனையும் மீறி யாருக்காவது சுட்டுவிட்டால் உடனே இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்டுங்கள். வீங்குவதற்குள் மோதிரம், கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். முகமோ கண்ணோ சுட்டிருந்தால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஓனர்களிடம் பேச வேண்டும். டிரைவரின் அவசரத்தில் பாதி உங்களுடையது. 2025 சீசனில் தோத்தாபுரி மாம்பழ விலை சரிந்து, கிலோவுக்குக் கூழ் தொழிற்சாலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று அறிவிக்கும் நிலை வந்தது; தொழிற்சாலை வாசல்களில் வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. பழம் அழுகும் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், தாமதமானதற்காகக் கூலியைப் பிடிக்கும் ஓனரிடம் வேலை செய்பவன் முள் சிவப்பில் இருந்தாலும் நிறுத்தமாட்டான். நிறுத்தினாலும் ஆறும்வரை பொறுக்கமாட்டான். இன்றைக்கே அவனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: "வண்டி சூடானா நிறுத்திடு தம்பி. எனக்கு ஒரு போன் போடு. லேட் ஆனா பரவாயில்லை, கூலியில பிடிக்கமாட்டேன்." கிளீனர் பையன் காதிலும் விழும்படி சொல்லுங்கள். வண்டியில் பத்து லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு கோணி, ஒரு மாற்று ஃபேன் பெல்ட் வாங்கி வையுங்கள். அடுத்த லோடு ஏற்றும் முன்பே வாங்குங்கள்.