திரும்பி வரும் கம்பி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதன் முதுகில் அந்தக் காலத்துப் பிரிண்டர் செருகும் 25 முனைத் துளை உண்டு. என் கணவர் அதன் வழியாக முதலில் ஒரு பொம்மைக் கார் மோட்டாரைச் சுழலவைத்தார். பிறகு கூடத்து விளக்கு, குளியலறை ஹீட்டர், கடைசியாக மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். கணினி தருவது 5 வோல்ட் சமிக்ஞைதான். அது ஒரு டிரான்சிஸ்டரை உசுப்ப, அது ரிலேயை இழுக்க, ரிலே கான்டாக்டரை இழுக்க, 230 வோல்ட் மோட்டார் உறுமும். எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது.

நிரல் எழுத உட்கார்ந்தபோது என்னைக் கூப்பிட்டார். "ஹீட்டர் எத்தனை மணிக்குப் போடுவே? மோட்டார் எவ்வளவு நேரம் ஓடணும்?" நான் சொல்லச் சொல்லத் தட்டினார். என் இருபது வருட ஞாபகம் திரையில் வரிவரியாக நின்றது. "இனிமே நீ எதையும் நினைவு வச்சுக்க வேண்டாம்" என்றார்.

ஒரு நாள் முழுக்கக் கல்யாண வீட்டில் இருந்தோம். தொட்டித் தண்ணீர் செலவாகவில்லை. கணினிக்கு அது தெரியாது. மறுநாள் காலை 6 மணிக்கு வழக்கம்போல் அரை மணிநேரம் மோட்டாரை ஓட்டியது. தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். அந்த வீட்டு அம்மா கதவைத் தட்டி என்னைத்தான் கேட்டார். கணவரும் என்னிடம், "நீ பார்த்திருக்கக் கூடாதா?" என்றார். கட்டளையிடும் உரிமை கணினிக்குப் போய்விட்டது. பதில் சொல்லும் கடமை மட்டும் என்னிடமே இருந்தது.

இது எங்கள் வீட்டோடு முடியும் கதையில்லை. 1969இல் அமெரிக்காவின் நெய்மன் மார்கஸ் கடை, ஹனிவெல் நிறுவனத்தின் சமையலறைக் கணினியை 10,600 டாலர் விலையில் தன் பட்டியலில் வெளியிட்டது. சமையல் குறிப்புகளைச் சேமித்துத் தரும் என்றார்கள். ஆனால் சுவிட்சுகளைத் தட்டி, மின்னும் விளக்குகளைப் படித்து, இரும எண்களில்தான் அதோடு பேச வேண்டும். விளம்பரமோ இல்லத்தரசியின் சமையலைக் கிண்டல் செய்தது. அவளுக்கென்று வந்த இயந்திரத்துக்கு அவள் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

கோபத்தில் நானே நிரல் கற்றேன். கற்றபோது ஒன்று புரிந்தது. அந்தத் துளையில் தரவை வெளியே அனுப்ப 8 முனைகள் உண்டு. வெளியிலிருந்து செய்தி வாங்கிக்கொள்ளவும் 5 முனைகள் உண்டு. எங்கள் வீட்டில் அந்த ஐந்தும் காலியாகவே கிடந்தன. அவற்றில் ஒன்றில் மிதவை சுவிட்சை இணைக்கச் சொன்னேன். தொட்டி நிரம்பினால் இப்போது கணினிக்குச் செய்தி வந்துவிடும்.

கையோடு மோட்டார் நேரத்தையும் 8 மணிக்கு மாற்றினேன், என் வசதிக்கு. மறுநாள் 7 மணிக்குப் பாத்திரம் துலக்க வந்த அக்கா குழாயைத் திறந்தார். தண்ணீர் இல்லை. "மோட்டார் போடலையாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கீழ்த்தொட்டியிலிருந்து நான்கு வாளி சுமந்து வந்தார். அடுத்த வீட்டுக்கு அவருக்கு நேரமாகிவிட்டது.

என்னைக் கேட்காத வீட்டின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. விசைப்பலகை என் கைக்கு வந்த முதல் நாளே நானும் ஒருத்தியைக் கேட்கவில்லை. அதிகாரம் ஆணிடமிருந்து பெண்ணிடம் வந்துவிட்டால் நியாயமும் கூடவே வந்துவிடும் என்று வகுப்பில் இப்போது என்னால் எளிதாகச் சொல்ல முடிவதில்லை. ஒரு பொத்தானை அழுத்துமுன், அதன் மறுமுனையில் யார் இருக்கிறார், அவர் சொல் திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் அக்காவிடம் நேரம் கேட்டேன். "ஆறரைக்கு விட்டாப் போதும்மா" என்றார். அதற்குக் கம்பி எதுவும் தேவைப்படவில்லை.